குளிர்காலத்துக்கு எந்த டயர்?

வீட்டில் குளிர்பதனப் பெட்டி இருந்தால் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். உறைவறையிலிருந்து ஒரு பனிக்கட்டியை எடுத்தவுடன் விரலால் தொடுங்கள். வழுக்குகிறதா? இல்லை, விரலில் ஒட்டிக்கொள்கிறது. அதே கட்டியைத் தட்டில் வைத்து, சில நிமிடங்கள் கழித்து மீண்டும் தொடுங்கள். இப்போது பிடிக்கவே முடியாமல் நழுவி ஓடும். கட்டி ஒன்றுதான், மாறியது அதன் வெப்பநிலை. வெளியே எடுத்தபோது அது ஏறக்குறைய −18° செ. இருந்தது. விரலின் ஈரமே அதன்மேல் உறைந்து ஒட்டிக்கொண்டது. பிறகு 0° செல்சியசை நெருங்கியதும் அதன் மேல் நீர்ப்படலம் பரவிவிட்டது. வழுக்கலுக்குக் காரணம் அந்தப் படலமே.

இதை நினைவில் வைத்துக்கொண்டு கனடாவில் உள்ள கியூபெக் மாநிலத்துக்குச் செல்வோம். அங்கே மான்ட்ரியல் நகரில் ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலை −10° செல்சியசை ஒட்டியது. அங்கு வாழும் நம் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால் ஒரு செய்தி சொல்வார்கள். குளிர்காலம் தொடங்குமுன் காரின் நான்கு டயர்களையும் கழற்றிவிட்டு வேறு நான்கு டயர்களை மாட்டவேண்டும். இது 2008ஆம் ஆண்டு முதல் அந்த மாநிலத்தின் சட்டம். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கே பதிவான ஒவ்வொரு காரிலும் குளிர்கால டயர்கள் இருந்தே ஆகவேண்டும்.

நன்றாக இருக்கும் டயரை ஏன் கழற்றவேண்டும்? அதன் இடத்தில் எந்த டயரை மாட்டுவது? காருக்குப் பொருந்தும் அளவைக் கண்டுபிடிப்பது எளிது; காரின் கையேட்டிலேயே இருக்கும். எந்த வகைக் குளிர்காலத்துக்கு மாட்டுகிறோம் என்பதே உண்மையான கேள்வி. ஏனென்றால் குளிர்காலம் எல்லா ஊரிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

முதலில் ரப்பரைப் பார்ப்போம். ரப்பர் என்பது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளின் சிக்கல். வெப்பம் இருக்கும்வரை இந்தச் சங்கிலிகள் நெளிந்துகொண்டும் அசைந்துகொண்டும் இருக்கும். அதனால்தான் ரப்பரை இழுத்தால் நீளுகிறது, விட்டால் சுருங்குகிறது. குளிரக் குளிர இந்த அசைவு மந்தமாகிறது. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே சங்கிலிகள் அடங்கிவிட, ரப்பர் கண்ணாடிபோல் விறைத்து நொறுங்கக்கூடியதாகிவிடும். இதைக் கண்ணாடி நிலை மாற்றம் என்பார்கள். இயற்கை ரப்பருக்கு அந்த வெப்பநிலை சுமார் −70° செ. பாலிபியூட்டாடையீன் என்னும் செயற்கை ரப்பருக்கு அது சுமார் −100° செ.

"அப்படியானால் மான்ட்ரியலின் −10° ரப்பருக்கு ஒன்றும் செய்யாதே!" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் ஓடும் காரின் டயருக்கு அவகாசம் கிடையாது. சாலையில் உள்ள ஒவ்வொரு சிறு கல்லின் முனையையும் ரப்பர் நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் தழுவிப் பிடித்து விடவேண்டும். சங்கிலிகள் மந்தமாக இருந்தால், தழுவி முடிப்பதற்குள் சக்கரம் உருண்டு போய்விடுகிறது. ஆகவே கண்ணாடி நிலைக்கு வெகு மேலேயே, வேகமாக உருளும் ரப்பர் கெட்டியான பொருளைப்போல் நடந்துகொள்கிறது. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சாலஞ்சர் விண்ணோடம் வெடித்துச் சிதறி ஏழு பேர் மாண்டதற்கும் இதுவே அடிப்படை. கடுங்குளிரில் ஒரு ரப்பர் வளையம் போதிய வேகத்தில் விரிந்து இடைவெளியை அடைக்கவில்லை. விசாரணைக் குழுவில் இருந்த ரிச்சர்டு ஃபைன்மன், அந்த ரப்பரின் ஒரு துண்டைப் பனிநீரில் அமுக்கிப் பிடித்து எடுத்து, அது சட்டென்று பழைய வடிவுக்குத் திரும்பவில்லை என்பதை எல்லோர் கண்முன்னும் காட்டினார்.

கோடைக்கால டயரின் ரப்பர், சூடான தார்ச்சாலையில் இளகிவிடாதபடி கெட்டியாகச் செய்யப்படுவது. 7° செல்சியசுக்குக் கீழே அதன் பிடிப்புக் குறைகிறது என்று டயர் செய்வோர் சொல்வார்கள். இதை ஒரு கைக்கணக்காக மட்டும் கொள்ளுங்கள். 8° வரை நன்றாக இருந்த டயர் 6° வந்ததும் கெட்டுவிடுவதில்லை. குளிர்கால டயரின் ரப்பரில் பாலிபியூட்டாடையீன் போன்ற, குளிரிலும் அசையும் சங்கிலிகள் கூடுதலாகச் சேர்க்கப்படுகின்றன. சிலிகாவும் நிறையச் சேர்க்கிறார்கள்.

இதனால் என்ன லாபம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரேக் பிடித்த பின் கார் நகரும் தூரம், வேகத்தின் இருமடியை 2μg என்பதால் வகுத்தால் கிடைக்கும். இதில் μ என்பது உராய்வுக் குணகம். g என்பது புவியீர்ப்பு முடுக்கம். மணிக்கு 50 கி.மீ. என்றால் நொடிக்கு 13.9 மீட்டர். உலர்ந்த சாலையில் μ சுமார் 0.8, கார் சுமார் 12 மீட்டரில் நின்றுவிடும். இனி, இறுகிய பனி படிந்த சாலை. குளிர்கால டயருக்கு μ 0.3 என்றும், கோடை டயருக்கு அதில் பாதி, அதாவது 0.15 என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். முதல் கார் 33 மீட்டரில் நிற்கும். இரண்டாவது காருக்கு 66 மீட்டர் வேண்டும்.

இன்னொரு படி மேலே போங்கள். முதல் கார் நின்ற அதே இடத்தில் இரண்டாவது காரின் வேகம் என்னவாக இருக்கும்? பாதிதூரம்தானே, வேகமும் பாதியாகியிருக்கும் என்று சொல்லத் தோன்றும். அது தவறு. பாதிதூரத்தில் பாதி இயக்க ஆற்றல்தான் கரைந்திருக்கும். வேகம் 50ஐ √2ஆல் வகுத்தால் வருவது, அதாவது மணிக்கு 35 கி.மீ. அந்த இடத்தில் உங்கள் வயதுள்ள ஒரு பிள்ளை சாலையைக் கடந்துகொண்டிருந்தால், முதல் காரோட்டி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார். இரண்டாவது கார் 35 கி.மீ. வேகத்தில் வந்து மோதும்.

நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை செல்லும் கார் என்றால் கவலையில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். அது காரைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. எல்லாக் கார்களிலும் பிரேக் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு.

அடுத்து டயரின் மேல் உள்ள கட்டைகள். நம் ஊர் டயர் கடைகளில் 'பட்டன்' என்கிறார்களே, அவைதாம். கோடை டயரில் பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளங்களின் வேலை மழைநீரை வெளியேற்றுவது. வெண்பனியில் வேலை வேறு. பிடிகொழுக்கட்டை பிடிக்கும்போது மாவு விரல்களுக்கு இடையே புகுந்து இறுகுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல் பனி, பள்ளங்களில் புகுந்து இறுகவேண்டும். பனியோடு பனி நன்றாக ஒட்டும். டயரில் இறுகிய பனி சாலையிலுள்ள பனியைப் பற்றிக்கொள்கிறது. இதோடு ஒவ்வொரு பட்டனிலும் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய கீறல்கள் பல இருக்கும். கீறல்களின் விளிம்புகள் பனியைச் சுரண்டிப் பிடிக்கின்றன. அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் சைப் என்பவர் 1923இல் வழுக்காத ரப்பர் அடிப்பகுதிக்காகப் பெற்ற காப்புரிமையின் நினைவாக, இக்கீறல்களுக்கு இன்றும் 'சைப்' என்றே பெயர்.

வெண்பனியில் ஓடுவது ஓரளவு எளிது. பனிக்கட்டியில் ஓடுவதுதான் கடினம். நாம் முதலில் செய்த சோதனை இங்கே பயன்படும். −20° செல்சியசில் உள்ள பனிக்கட்டிச் சாலையைவிட, 0°க்கு அருகிலுள்ள ஈரப் பனிக்கட்டிச் சாலை டயருக்கு அதிக ஆபத்து. நீர்ப்படலத்தைத் தாண்டி ரப்பர் பனிக்கட்டியைத் தொடவேண்டும். இதற்கு இரண்டு வழிகள் கண்டார்கள்.

ஒன்று, ஆணி. பின்லாந்தில் நோக்கியா என்ற ஊரின் பெயரைத் தாங்கிய டயர்கள் இதில் புகழ்பெற்றவை. (ஆம், கைப்பேசியால் நீங்கள் அறிந்த அதே பெயர்தான். பின்னிஷ் ரப்பர் ஆலை 1967இல் நோக்கியா நிறுவனத்தோடு இணைந்தது. டயர்ப் பிரிவு 1988இல் தனி நிறுவனமாகப் பிரிந்தது.) 1934இல் லாரிக்கும், 1936இல் காருக்கும் குளிர்கால டயர் செய்தவர்கள் அந்த ஆலையினர். 1961இல் ஆணி பதித்த டயரையும் வெளியிட்டார்கள். கடினமான உலோக ஆணியின் முனை ரப்பருக்கு வெளியே சற்றே நீட்டிக்கொண்டிருந்து பனிக்கட்டியைக் கொத்திப் பிடிக்கும்.

ஆனால் பனி இல்லாத நாளில் அதே ஆணி சாலையைக் கொத்தும்! ஜப்பானில் செண்டாய், சப்போரோ போன்ற நகரங்களில் 1980களில் சாலைகள் அரைபட்டுத் தூசி கிளம்பி, மக்கள் மூச்சுவிடத் திணறினார்கள். 1990இல் ஜப்பான் ஆணி டயருக்குத் தடைச்சட்டம் இயற்றியது. ஜெர்மனி 1975இலேயே தடுத்துவிட்டது. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் ஹோர்ன்ஸ்காட்டன் என்ற தெருவில் 2010 முதல் ஆணி டயருக்கு அனுமதி இல்லை.

இரண்டாவது வழி, நீரை உறிஞ்சுவது. ஜப்பானில் 1988இல் வந்த 'பிளிசாக்' டயரின் ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் பல உண்டு. நீர்ப்படலம் அத்துளைகளில் ஏறிக்கொள்ள, ரப்பர் பனிக்கட்டியைத் தொடுகிறது. ஒரு வேடிக்கை பாருங்கள்: சப்போரோவில் ஆணிகள் போனபின், பனிக்கட்டியைச் சுரண்டிச் சொரசொரப்பாக்க ஆள் இல்லை. மென்மையான டயர்கள் உருண்டு உருண்டு சாலைகளைக் கண்ணாடிபோல் மெருகேற்றிவிட்டன. தூசித் தொல்லை நீங்கியது. நடந்து செல்வோர் வழுக்கி விழுந்தார்கள்.

சரி, எதைத் தேர்வது? ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட்டில் ஜனவரி சராசரி 0°க்குச் சற்று மேலே. அங்கே பெரும்பாலான நாட்களில் சாலையில் இருப்பது குளிர்ந்த நீரும் பனிச்சேறும்தான். நெடுஞ்சாலையில் மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் செல்வார்கள். ஆகவே அங்கு நீரை நன்றாக வெளியேற்றும், ஓரளவு கெட்டியான மத்திய ஐரோப்பிய வகைக் குளிர்கால டயரே ஏற்றது. அதைப் பின்லாந்தின் வடக்கே கொண்டுபோனால் பனிக்கட்டியில் திணறும். அங்குள்ள மிக மென்மையான டயரை ஃபிராங்க்பர்ட்டுக்குக் கொண்டுவந்தால், ஈரச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது அதன் பட்டன்கள் நெளிந்து, தூரம் கூடிவிடும். மான்ட்ரியல் நகருக்குள் ஓடும் காருக்கு ஆணியில்லாத மென்மையான வகை போதும். நகரைவிட்டு விலகி, உப்புத் தூவாத கிராமச் சாலையில் தினமும் போகிறவர் என்றால் ஆணி டயரை எண்ணிப் பார்க்கலாம். கியூபெக்கில் அக்டோபர் 15 முதல் மே 1 வரை அதற்கு அனுமதி உண்டு. எல்லாப் பருவத்துக்கும் ஒரே டயர் என்று விற்பது, மிதமான குளிருள்ள ஊரில் குறைவாகக் கார் ஓட்டுபவருக்குச் சரி. மான்ட்ரியலுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டயரின் பக்கச்சுவரில் மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பனியில் சோதித்துத் தேறிய டயருக்கே அந்த முத்திரை. 'எம்+எஸ்' என்ற எழுத்துகளுக்கு அப்படிப்பட்ட சோதனை தேவையில்லை. தயாரிப்பாளர் தாமே பொறித்துக்கொள்ளலாம். ஆனால் மலை முத்திரை வெண்பனிக்கான சான்று மட்டுமே; பனிக்கட்டியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஐரோப்பாவில் 2021 மே முதல் டயரோடு வரும் ஒட்டுச்சீட்டில் பனிக்கட்டிப் பிடிப்புக்கென்று தனிக் குறி உண்டு.

செலவைக் குறைக்க இரண்டு டயர் மட்டும் மாற்றுவோர் உண்டு. முன்சக்கரங்களால் இயங்கும் கார் என்பதால் முன்னால் மட்டும் மாட்டினால் என்ன ஆகும்? முன்பகுதி பிடித்து நிற்கும். பிடிப்பில்லாத பின்பகுதி வளைவில் வெளியே வீசிச் சுழலும். நான்கையும் மாற்றவேண்டும்.

காற்றழுத்தத்தையும் கவனிக்கவேண்டும். 20° செ. வெப்பமுள்ள பட்டறையில் 33 பவுண்டு காற்று அடித்த காரை −10° குளிரில் நிறுத்துங்கள். வளிமண்டல அழுத்தமான 14.7ஐச் சேர்த்தால் உண்மையான அழுத்தம் 47.7. அதை 263ஆல் பெருக்கி 293ஆல் வகுத்தால் 42.8, மீண்டும் 14.7ஐக் கழித்தால் 28 பவுண்டு. ஓட்டை எதுவும் இல்லாமலே ஐந்து பவுண்டு காணாமல் போயிற்று! குளிரில் நின்ற டயரில்தான் அழுத்தத்தை அளக்கவேண்டும்.

பட்டன் தேய்ந்தால் பனியைப் பிடிக்கும் பள்ளமும் மறைந்துவிடும். பின்லாந்தில் குளிர்கால டயருக்குக் குறைந்தது 3 மி.மீ. ஆழம் வேண்டும், ஆஸ்திரியாவில் 4 மி.மீ. ரப்பரும் வயதானால் இறுகும். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3523 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பனிக்காலம் முடிந்ததும் இந்த டயர்களைக் கழற்றிவிட வேண்டும். வெயிலில் இளகும் ரப்பர் விரைவாகத் தேய்வதோடு, பிரேக் தூரத்தையும் கூட்டிவிடும். கழற்றும்போது முன், பின், இடம், வலம் என்று சாக்குக் கட்டியால் எழுதி, வெயில் படாத இடத்தில் வைத்தால் அடுத்த ஆண்டு மாட்டுவது எளிது.