கொட்டகையில் கிடந்த அம்பாசிடர் மிஸ் அடித்தால்

அப்பா இருந்தவரை ஆரணிக்குப் பட்டெடுக்கப் போவதென்றால் எங்கள் மார்க் 3 அம்பாசிடரில்தான். அவர் போன பிறகு 9 வருஷம் அது வந்தவாசி வீட்டுக் கொட்டகையில் நின்றது. மேலே கோரைப் பாய்க் கட்டுகளை அடுக்கிவிட்டோம். போன தை மாதம் வெளியே இழுத்து ஸ்டார்ட் செய்தபோது மூன்று சிலிண்டரில்தான் ஓடியது. சைலன்சர் முனையில் கையைக் காட்டினால் நாலு தட்டுக்கு ஒரு தட்டு விடுபடுவது உள்ளங்கையில் தெரிந்தது. அந்த ஒரு தட்டைத் தேடி 11 நாள் அலைந்தோம். சரியான வரிசையில் பார்த்திருந்தால் ஒரு காலை வேளையில் முடிந்திருக்கும். உத்தரபாராவில் 2014-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி இது. இருக்கிற இன்ஜின்களை நாம்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

செய்யக்கூடாதவை

வெளியே இழுத்த அன்றே செல்ஃப் அடிக்காதீர்கள். சிலிண்டர் சுவரில் எண்ணெய்ப் பசை காய்ந்திருக்கும், துரு பூத்திருக்கும். வால்வு ஏதாவது கைடில் ஒட்டிக்கொண்டிருந்தால் செல்ஃப் மோட்டாரின் வேகத்தில் புஷ் ராடு வளைந்துவிடும்.

கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் மிஸ் அடிக்கிற இன்ஜின் பின்னுக்கு வெடிக்கும். அந்த நேரம் உங்கள் முகமும் பெட்ரோல் பாட்டிலும் அதன் மேலேயே இருக்கும்.

டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை நம்பாதீர்கள். வார்னிஷ் வாடை அடித்தால் அது பெட்ரோலே இல்லை. அதை ட்யூபில் வாய் வைத்து உறிஞ்சி எடுக்கவும் வேண்டாம். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலே உயிருக்கு ஆபத்து.

பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் இக்னிஷனை ஆனில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். காயில் சூடேறிக் கெடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நாங்கள் செய்தது இதைத்தான். பிளக், பாயிண்ட், கண்டன்சர், ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் கப், ஒயர் என்று மொத்தமாக வாங்கி வந்து ஒரே மத்தியானத்தில் மாட்டினோம். விடுபட்ட தட்டு அப்படியே இருந்தது. அதோடு ஆக்சிலேட்டர் கொடுத்தால் நாலு சிலிண்டரும் இருமத் தொடங்கின. புதிதாக வாங்கிய ரோட்டரில் கரண்ட் உள்ளுக்குள்ளேயே ஒழுகி ஷாஃப்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது என்பது பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு குறை இருந்த இடத்தில் இரண்டு குறை. புதுசு என்றால் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். ஒன்றை மாற்றுங்கள், ஓட்டிப் பாருங்கள், பிறகு அடுத்தது. கழற்றிய பழைய சாமானைக் கடைசிவரை தூக்கிப் போடாதீர்கள். எங்களுக்குக் கைகொடுத்தது அப்பா காலத்து ரோட்டர்தான்.

செய்ய வேண்டியவை

முதலில் ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். எங்கள் வண்டியில் எலி, பாய்க் கட்டிலிருந்து கோரையை நூல் நூலாகக் கிழித்துக் கொண்டுவந்து அதற்குள் பஞ்சு மெத்தை போலக் கூடு கட்டியிருந்தது. பிளக் ஒயர்களையும் கடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

நாலு பிளக்கையும் கழற்றி, ஓட்டைக்கு ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் இக்னிஷனை ஆஃப் செய்துவிட்டு ஹேண்டில் போட்டுச் சுற்றுங்கள். அம்பாசிடரில் அந்த வசதி இருப்பது பெரிய வரம். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். கீழிருந்து மேலே இழுங்கள்.

அப்படியே காற்றை, அதாவது கம்ப்ரஷனைப் பாருங்கள். காசில்லாத சோதனை இது. இதைத்தான் நாங்கள் கடைசியில் செய்தோம். பதினோராம் நாள் வந்த பெரியவர் கையில் ஒரு ஸ்பேனர்கூட இல்லை. பிளக்குகளைக் கழற்றச் சொன்னார்.

“தம்பி, ஓட்டையில கட்டைவிரலை வச்சு அழுத்திக்க. நான் சுத்துறேன்.”

ரேடியேட்டர் பக்கமிருந்து ஒன்று, இரண்டு: காற்று விரலைத் தள்ளிவிட்டு வந்தது. மூன்றாவதில் வெறும் மூச்சுதான்.

“அண்ணே, ஒண்ணும் தள்ளலையே.”

“கரண்டை அப்புறம் பாரு. மேல மூடியைத் திற.”

ராக்கர் கவரைத் திறந்து, எட்டு வால்வும் இறங்கி ஏறுகிறதா என்று பார்த்தோம். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு இறங்கியது, முழுதாக ஏறவில்லை. பிஸ்டனைக் கீழே கொண்டுவந்து நிறுத்தி, வால்வுத் தண்டில் மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து விட்டு, சுத்தியலின் மரப்பிடியால் மெல்லத் தட்டினார். அரை மணி நேரத்தில் ஸ்பிரிங் அதைத் தானே மேலே இழுத்துக்கொண்டது. உங்களுக்கு அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரில் காற்று இல்லையென்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். ஸ்பூன் ஆயில் விட்டதும் காற்று கூடினால் ரிங்கு. அது சில நாள் ஓட்டத்தில் தானே விடுபடவும் கூடும், உடனே இன்ஜினைப் பிரிக்க வேண்டாம்.

காற்று சரியாக இருந்தால் அடுத்தது கரண்ட். எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு பிளக் ஒயரைக் கழற்றி முனையை பாடியில் எர்த் செய்து, ஸ்டார்ட் செய்து கேளுங்கள். ஓட்டம் இன்னும் மோசமானால் அந்த சிலிண்டர் நல்லது. மாற்றமே இல்லையென்றால் அதுதான் குற்றவாளி. ஓடும்போது வெறுங்கையால் பிடுங்க வேண்டாம். அந்த ஒயரில் பல ஆயிரம் வோல்ட் பாய்கிறது. ஒயர்களை மாற்றி மாட்டினாலும் மிஸ் அடிக்கும். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, ரோட்டர் சுற்றுவது கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம்.

சும்மா கிடந்த பாயிண்டில் மங்கலாக ஒரு படலம் ஏறியிருக்கும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் கரண்டைத் தடுத்துவிடும். மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, சுத்தமான துணியால் துடைத்து, கேம் உச்சியில் இருக்கும்போது 0.015 அங்குல இடைவெளி வையுங்கள். பிளக்குக்கு 0.025. இருபது நிமிடம் நன்றாக ஓடி, சூடேறிய பிறகு மட்டும் மிஸ் அடித்தால் கண்டன்சரையோ காயிலையோ பாருங்கள்.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்து ஓடவிட்டுப் பாருங்கள். வெடித்த ஒயரும் கீறல் விட்ட கப்பும் நீலப் பொறியாகத் தம்மைக் காட்டிக்கொடுக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும்.

பெட்ரோல் கடைசி. ஜெட்டில் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். ஏசி பம்பின் டயஃப்ரத்தையும் ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது ஊறவைத்து இளக்கும், காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். இனி மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கையும் கார்புரேட்டரையும் வற்றவிட்டு நிறுத்துங்கள்.

நாலு தட்டும் சேர்ந்து விழுந்த சந்தோஷத்தில் நேரே சேத்துப்பட்டு ரோட்டுக்கு எடுத்துவிடாதீர்கள். பிரேக் ஆயிலும் அதே 9 வருஷம் கிடந்ததுதான். அதை மாற்றி, நாலு வீலிலும் பிரேக் பிடித்து விடுகிறதா என்று வாசலிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.