தெரியாக்கி: செய்முறையும் அதன் இரசாயனமும்

தெரியாக்கி என்னும் சொல்லைக் கேட்டதும், "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிச் சிரிக்கும் நண்பர்கள் நம் மன்றத்தில் பலர் உளர். அது ஜப்பானியச் சொல். ‘தெரி’ என்றால் பளபளப்பு. ‘யாக்கி’ என்றால் நெருப்பில் வாட்டுதல். பளபளக்கும்படி வாட்டியது என்று பொருள் கொள்ளலாம். ஆகவே அஃது ஓர் இறைச்சியின் பெயரன்று. புட்டியில் அடைத்து விற்கும் சாறு ஒன்றின் பெயருமன்று. ஒரு செய்முறையின் பெயர். இதை மனத்தில் கொண்டால், வாடகை அறையில் ஓர் அடுப்பும் ஓர் இரும்புச் சட்டியும் வைத்திருக்கும் மாணவர் எவரும் அரை மணி நேரத்துக்குள் இதைச் சமைத்து உண்ணலாம்.

மாட்டிறைச்சித் தெரியாக்கி ஜப்பானின் தொன்மையான உணவு என்று எண்ணுவோர் உண்டு. அது சரியன்று. பௌத்த நெறி பரவிய அந்நாட்டில், தென்மு என்னும் பேரரசர் கி.பி. 675இல் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை ஆண்டின் சில திங்கள்களில் உண்ணலாகாது என ஆணையிட்டார். அடுத்து வந்த நூற்றாண்டுகளிலும் இத்தகைய தடைகள் தொடர்ந்தன. 1872ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மெய்ஜிப் பேரரசர் மாட்டிறைச்சி உண்டார் என்னும் செய்தி வெளியான பிறகே அது நாகரிகத்தின் அடையாளமாயிற்று. அதுகாறும் அம்மக்கள் வாட்டியது பெரும்பாலும் மீனே. இன்றும் ஜப்பானில் தெரியாக்கி என்றால், ‘புரி’ என்னும் கடல்மீனைத்தான் பலரும் முதலில் நினைப்பர்.

மீன் எவ்வாறு மாடாயிற்று? கரும்புத் தோட்டத்திற்குக் கூலிகளாகச் சென்ற மக்களின் கதை அது. 1885 முதல் ஒப்பந்தத் தொழிலாளராக ஜப்பானியர் ஹவாய்த் தீவுகளுக்குப் பெருந்தொகையாகச் சென்றனர். (நம்மவர் 1860இல் நேட்டாலுக்குக் கப்பலேறியதும் கரும்புக்காகத்தானே!) அங்கே கிடைத்த இறைச்சியையும், அங்கே விளைந்த சருக்கரையையும் அன்னாசியையும் கொண்டு ஊர்ச் சமையலைச் செய்தனர். பின்னர் 1976இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொஷிஹிரோ கசஹாரா என்பவர் ஒரு சிறு தெரியாக்கிக் கடையைத் திறந்தார். இன்று அந்நகரின் அன்றாட உணவாகவே அது விளங்குகிறது. ஊர்விட்டு ஊர் சென்றவர்கள் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு செய்ததே இவ்வுணவு. ஆம்பூரிலிருந்து டில்லிக்கு வந்த நான் என் கைக்குக் கிடைப்பதைக் கொண்டு செய்தால், அது போலி ஆகிவிடாது.

இனி, டில்லியில் கிடைப்பது எது? இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். புதிதாக வரும் தமிழ் மாணவர்கள் இதை அறியாமல் இடர்ப்படலாகாது. 1994ஆம் ஆண்டின் டில்லி வேளாண் கால்நடைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பசு, கன்று, காளை, எருது ஆகியவற்றைக் கொல்லுதல் குற்றம்; அவற்றின் இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம். எருமை அச்சட்டத்துள் வாராது. ஆதலின் டில்லிக் கடைகளில் முறையாக விற்பது எருமை இறைச்சியே. கசாப்புக் கடைக்காரர் அதை ‘படே கா’ என்பார். பெரியதினுடையது என்று பொருள். ஆட்டிறைச்சி ‘சோட்டே கா’. ஆம்பூரில் உருது பேசும் அண்டை வீட்டார் வாயில் நான் சிறு வயது முதல் கேட்ட அதே வழக்கை நிஜாமுதீன் பஸ்தியின் கடையில் கேட்டபோது எனக்கு ஊர் நினைவு வந்தது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்வேன். 2015 அக்டோபரில், ஜந்தர் மந்தர் சாலையிலுள்ள கேரள இல்லத்தின் உணவுச்சாலைக்குக் காவலர் சென்றனர். பசு இறைச்சி பரிமாறுவதாகத் தொலைபேசியில் ஒரு புகார் வந்ததே காரணம். பரிமாறியது எருமை இறைச்சி என்று கேரள அரசு விளக்கியது. அதன் முதலமைச்சர் காவலர் நுழைந்ததைக் கண்டித்தார். பட்டியலில் இருந்த பெயரோ ‘பீஃப்’ வறுவல். மலையாளத்திலும் தமிழிலும் அச்சொல் எருமையையும் உள்ளடக்கும். டில்லியில் அது வேறுவிதமாகக் காதில் விழுகிறது. ஒரு மாநில அரசின் இல்லத்திற்கே இந்த நிலை என்றால், வாடகைக்கு இருக்கும் மாணவர் எவ்வளவு கவனமாக இருத்தல் வேண்டும்! எனவே நான் எருமை என்றே சொல்கிறேன். எருமை என்றே கேட்டு வாங்குகிறேன். இஃது அச்சமா என்று ஒரு தோழி கேட்டாள். கொஞ்சம் அச்சமும்தான். ஆனால் உண்பதை அதன் பெயரால் அழைப்பதில் ஒரு நிமிர்வும் இருக்கிறது.

வாங்கும்போது ‘அண்டர்கட்’ என்று கேளுங்கள். முதுகெலும்பின் உட்புறமாக நீண்டு கிடக்கும் தசை அது. விலங்கு நடக்கும்போதும் நிற்கும்போதும் அத்தசைக்கு உழைப்பு மிகக் குறைவு. அதனால் அதில் இணைப்புத் திசுவும் குறைவு. விலை சற்றுக் கூடுதல்தான். இருவருக்கு 300 கிராம் போதும். அன்றே சமைக்காதீர்கள், ஓரிரவு குளிர்ப்பெட்டியில் வையுங்கள். காலையில் வெட்டிய இறைச்சி விறைத்திருக்கும். தசையிலேயே உள்ள நொதிகள் மெல்ல மெல்ல அந்த விறைப்பைத் தளர்த்துவதற்கு நேரம் தேவை.

ஊரிலிருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "எருமைக்கறி வேக நேரமாகுமேடி. குக்கர்ல நாலு விசில் விடு" என்றார்கள்.

"இது குழம்பு இல்லைம்மா. ஒரு நிமிஷந்தான்."

"ஒரு நிமிஷத்துல என்னடி வேகும்? பல்லு போயிடும்."

அம்மா சொன்னது முழுவதும் உண்மையே. ஆனால் அது வேறு தசைக்குப் பொருந்தும் உண்மை. தொடை, தோள் முதலிய உழைத்த தசைகளில் கொல்லாஜன் என்னும் புரதம் மிகுதி. அது கரைந்து பசையாவதற்கு நெடுநேரம் ஈர வெப்பம் வேண்டும். குக்கரின் வேலை அதுவே. அண்டர்கட்டில் கரைப்பதற்கு அவ்வளவு கொல்லாஜன் இல்லை. அதை நீண்ட நேரம் வேகவைத்தால் தசைநார்ப் புரதங்கள் சுருங்கி நீரைப் பிழிந்து வெளியேற்றும், எஞ்சுவது கயிறு. ஆக, இறைச்சி மெத்தென்றிருக்க இரண்டு வழிகள் உள்ளன: மிக மெல்லியதாக அரிந்து மிக விரைவில் எடுத்துவிடுவது ஒன்று, மிக நீண்ட நேரம் வேகவைப்பது மற்றொன்று. பற்களுக்குக் கேடு விளைவது இவ்விரண்டுக்கும் நடுவில்தான்.

அரிவதில் ஒரு நுணுக்கம் உண்டு. இறைச்சியை அரை மணி அல்லது முக்கால் மணி நேரம் உறைபெட்டியில் வைத்தால் சற்றே கெட்டிப்படும். அப்போது கத்தி வழுக்காது. நார் ஓடும் திசையைக் கண்ணால் பார்த்து, அதற்குக் குறுக்கே மூன்று மில்லிமீட்டர் கனத்தில் அரிய வேண்டும். நீளவாட்டில் அரிந்தால் நீண்ட நாரைப் பல்லால் அறுக்க நேரும். குறுக்கே அரிந்தால் அவ்வேலையைக் கத்தியே முடித்துவிடும். பிறகு இஞ்சியைத் துருவிப் பிழிந்த சாறு ஒரு தேக்கரண்டி சேர்த்துப் பிசறிக் கால் மணி நேரம் வையுங்கள். இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. பப்பாளிக்காயிலும் அன்னாசியிலும் இருப்பவை இதன் உறவினரே. நம்மூரில் கறிக்குப் பப்பாளிக்காய் போடும் வழக்கத்தின் காரணமும் இதுவே. நேரம் மிகுந்தால் மேற்பரப்பு மாவாகிவிடும்.

அடுத்தது சாறு. ஜப்பானியர் சோயாச் சாறு, மிரின் என்னும் இனிப்பு அரிசி மது, சாக்கே என்னும் அரிசி மது, சருக்கரை ஆகியவற்றைக் கலப்பர். டில்லியில் மிரின் தேடினால் கிடைக்கும்; மாணவர் பைக்கு அது பொருந்தாது. மது சேர்ந்த உணவை உண்ணாத தோழிகளும் என் அறைக்கு வருவார்கள். நான் போடுவது வெல்லம். வெள்ளைச் சருக்கரையைவிட வெல்லம் இதற்குச் சிறந்தது என்பது என் துணிபு, காரணமும் உண்டு. இறைச்சி சிவந்து மணப்பதற்கு அடிப்படையான மாற்றத்தை 1912இல் பிரெஞ்சு அறிஞர் மெய்லார்ட் விளக்கினார். அமினோ அமிலங்களும் ஒடுக்கும் தன்மையுள்ள சருக்கரைகளும் வெப்பத்தில் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் தோற்றுவிக்கின்றன. வெள்ளைச் சருக்கரையான சுக்ரோசுக்கு அந்த ஒடுக்கும் தன்மை இல்லை. மிரினில் குளுக்கோசு மிகுதி. வெல்லத்திலும் குளுக்கோசும் பிரக்டோசும் ஓரளவு கலந்தே இருக்கின்றன. ஆகவே மிரினின் வேலையை நம் வெல்லம் பெரும்பகுதி செய்துவிடும்.

சோயாச் சாற்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். தென் வளாகத்திலிருந்து மெட்ரோவில் நான்காவது நிலையம் ஐ.என்.ஏ. அங்குள்ள சந்தையில் புட்டியைத் திருப்பி எழுத்தைப் படியுங்கள். சோயா, கோதுமை, உப்பு, நீர் என்ற நான்கும் இருந்து, இயற்கையாகப் புளிக்க வைத்தது என்று எழுதியிருந்தால் அது நல்ல சாறு. அஸ்பர்கில்லஸ் ஒரைசே என்னும் பூஞ்சை சோயாவின் புரதத்தை உடைத்துத் தர, பல திங்கள் ஊறி உருவானது. நிறமூட்டியும் அமிலமும் முன்னே நின்றால் அதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அந்தப் பூஞ்சை உடைத்துத் தரும் பொருள்களுள் தலையாயது குளுட்டாமிக் அமிலம். 1908இல் டோக்கியோப் பேராசிரியர் இக்கெதா கிக்குனே கடற்பாசிச் சாற்றிலிருந்து அதைப் பிரித்து, அதன் சுவைக்கு ‘உமாமி’ என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டே அஜினோமோட்டோ விற்பனைக்கு வந்தது. 1913இல் அவர் மாணவர் கொதாமா உலர்ந்த சூரை மீனில் இனோசினேட்டு என்னும் மற்றொரு சுவைப்பொருளைக் கண்டார். இவ்விரண்டும் சேர்ந்தால் சுவை கூட்டலாக அன்று, பன்மடங்காகப் பெருகும். இறைச்சியில் இனோசினேட்டு உண்டு. சோயாச் சாற்றில் குளுட்டாமேட்டு உண்டு. தெரியாக்கி நாவில் நிற்பதன் இரகசியம் இது. நம் பக்கத்து மாசிக்கருவாடும் அதே சூரை மீன்தான். தக்காளியோடு சேர்த்து மாசிச் சம்பல் அரைக்கும் பாட்டிமார்கள் இக்கெதாவுக்கு முன்பே இதை நாவால் அறிந்திருந்தனர்.

இருவருக்கான அளவு: சோயாச் சாறு இரண்டு மேசைக்கரண்டி, நீர் இரண்டு, பொடித்த வெல்லம் இரண்டு, வினிகர் ஒரு தேக்கரண்டி. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள், மணல் இருக்கும். உப்பு வேண்டா. இந்தச் சோயாச் சாற்றிலேயே ஏறத்தாழ ஐந்து கிராம் உப்பு அடங்கியுள்ளது.

இரும்புச் சட்டியைப் புகை எழும் தறுவாய் வரை காய்ச்சிச் சிறிது கடலெண்ணெய் விடுங்கள். இறைச்சியின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டே போட வேண்டும். நீர் இருக்கும்வரை அங்கே வெப்பநிலை நூறு பாகையைத் தாண்டாது. மெய்லார்ட் மாற்றம் விரைவாக நடப்பதோ 140 பாகையை ஒட்டித்தான். எல்லாவற்றையும் ஒருசேரக் கொட்டினால் சட்டி குளிர்ந்து, இறைச்சி தன் நீரிலேயே அவியும். ஆகையால் இரண்டு ஈடாகப் போடுங்கள். பக்கத்திற்கு ஒரு நிமிடம். சந்தை இறைச்சி ஆதலால் உள்ளே சிவப்பு நில்லாமல் வேக வேண்டும். மூன்று மில்லிமீட்டர் துண்டு அதற்குள் வெந்துவிடும். எடுத்துத் தட்டில் வையுங்கள்.

இப்போது அதே சட்டியில் கரைசலை ஊற்றுங்கள். அடியில் ஒட்டிய பழுப்பெல்லாம் அதில் கரையும். முதலில் குமிழிகள் சிறியனவாய்ப் பொங்கும். நீர் வற்ற வற்றக் குமிழிகள் பெரிதாகி, சோம்பலாக உடையும். கரண்டியின் முதுகில் தடவினால் வழியாமல் நிற்கும். அந்த நொடியில் இறைச்சியைத் திரும்பப் போட்டு அரை நிமிடம் புரட்டுங்கள். ஒவ்வொரு துண்டும் கண்ணாடிபோல் மின்னும். அதுதான் ‘தெரி’. இன்னும் அரை நிமிடம் விட்டால் கருகிக் கசக்கும்; அவ்வேளையில் கைபேசி மணி அடித்தாலும் எடுக்காதீர்கள். மேலே வறுத்த எள்ளும் அரிந்த வெங்காயத்தாளும் தூவலாம்.

பாசுமதிச் சோறு இதற்கு ஒவ்வாது. அதில் அமைலோசு மிகுதி. சோறு உதிரி உதிரியாக நிற்கும். சாறு தட்டின் அடிக்கு ஓடிவிடும். ஹுமாயூன்பூரில் வடகிழக்கு மாநிலத்தார் நடத்தும் கடைகளில் ஒட்டும் அரிசி கிடைக்கும். இயலாவிடில் புதுப் பச்சரிசியைச் சற்றுக் குழைய வடியுங்கள்.

அறைத்தோழிகளைப் பற்றி ஒன்று. என் அறையில் நாங்கள் மூவர். ஒருத்தி இறைச்சியே உண்ணாள். மற்றொருத்தி கோழியும் மீனும் மட்டும் உண்பாள். குளிர்ப்பெட்டி ஒன்றே. குடிபுகுந்த முதல் வாரத்திலேயே நான் உண்பது இன்னதென்று சொல்லி, மூடியுள்ள தனிப் பெட்டி ஒன்றும் தனிச் சட்டி ஒன்றும் வைத்துக்கொண்டேன். மறைத்து உண்பது எனக்கு உடன்பாடன்று. பிறர் முகஞ்சுளிக்க அவர்கள் பாத்திரத்தில் சமைப்பதும் உடன்பாடன்று. அதே சாற்றை அவர்களுக்காக வேறு சட்டியில் காளானிலும் கத்தரிக்காயிலும் காய்ச்சிக் கொடுப்பதுண்டு. கத்தரிக்காயை முன்னதாக எண்ணெயில் நன்றாக வதக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் சாறு முழுவதையும் உறிஞ்சிக்கொண்டு பளபளப்பே வாராது. காளானுக்கு அத்தொல்லை இல்லை. ஆனால் அதன் நீர் முற்றும் வற்றிய பிறகே சாற்றை ஊற்ற வேண்டும்.