பிள்ளைத்தமிழும் வளர்ச்சியிற் பிந்திய பிள்ளைகளும்

பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தைப் பயிலும் மாணாக்கர், அதன் பருவங்கள் பத்தென்றும், முதல் ஏழும் ஆண்பால் பெண்பால் இரண்டிற்கும் பொதுவென்றும் மனனஞ்செய்து பரீட்சை எழுதுவர். அப்பருவங்கள் குழந்தையை உற்றுநோக்கி வகுக்கப்பெற்றன என்பதை நினைவார் சிலரே. ஐந்தாந் திங்களில் தலைநிமிர்த்தாடுஞ் செங்கீரை, ஒன்பதாந் திங்களிற் கைகொட்டுஞ் சப்பாணி, ஓராண்டு நிரம்புங்கால் தளர்நடையிட்டு வரும் வருகை, பின்னர் நிலவைக் காட்டி அழைக்கும் அம்புலி. இன்றைய குழந்தை மருத்துவரின் வளர்ச்சி அட்டவணையும் ஏறக்குறைய இந்நெறியே செல்கின்றது.

ஆனால் செங்கீரை ஆடாத குழந்தைக்குப் பாட்டில்லை. சப்பாணிப் பருவங் கடந்தும் கைகொட்டாத மகவைப் பெற்றவள் என் செய்வாள்? எமது கறம்பக்குடியைச் சூழ்ந்த சிற்றூர்களில் அவட்குக் கிடைக்கும் முதல் விடை, "மெல்லப் பேசும், இவன் தகப்பனும் அப்படித்தான்" என்பது. ஆண்டு சில சென்றபின் கிடைக்கும் விடையோ, குற்றம் தாயினுடையது என்பது. பிறவிக் குருடனைக் கண்ட சீடர், பாவஞ்செய்தவர் யாரென வினவியமை யோவான் சுவிசேஷத்தின் 9-ஆம் அதிகாரத்திலுள்ளது. அவ்வினா நம் திண்ணைகளில் இன்னும் ஓயவில்லை. இவ்விரு விடைகளுக்குமிடையே, மூளை பயிற்சிக்கு மிகுதியும் இணங்கும் முதல் மூன்றாண்டுகள் கழிந்துவிடுகின்றன.

மருத்துவர் வாரத்தில் ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்ப்பாராயின், ஏனைய நேரமெல்லாம் அது பெற்றோரிடத்தே உள்ளது. ஆதலின் பெற்றோர்க்குக் கற்பிப்பதே தலையாய சிகிச்சை. எவ்வாறு கற்பிப்பது? வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் ரசல் முதலியோர் இதனை ஆராய்ந்து, 1999-இல் பிரித்தானிய உளமருத்துவ இதழில் வெளியிட்டனர். அறிவுத்திறன் குறைந்த குழந்தைகளின் பெற்றோர் 57 பேரைச் சீட்டுக் குலுக்கினாற்போல் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் பத்து வாரம் சொற்பொழிவு கேட்டனர்; மற்றையோர் அப்பத்து வாரமும் குழுவாயமர்ந்து, தம் துன்பத்தையும் உபாயங்களையும் ஒருவர்க்கொருவர் உரைத்து, வல்லுநரோடு உரையாடிக் கற்றனர். உரையாடினோரே குழந்தையின் நிலையை நன்கறிந்தனர். வளர்ப்பு முறையிலும் அவர்தம் மனப்பான்மை மிகத் திருந்தியது. விரிவுரை கேட்டே காலங்கழிக்கும் கல்லூரி மாணவராகிய நாமும் இதனைச் சற்றே சிந்திக்கலாம்! எனினும் ஆங்கு அளக்கப்பெற்றது பெற்றோரின் மனப்பான்மையேயன்றிக் குழந்தையின் நடையும் பேச்சுமல்ல என்பதை மறத்தலாகாது.

வேலூர் வரை செல்ல இயலாதார் நிலை யாது? கடற்படைத் தேர்வின்போது 1975-இல் வீழ்ந்து கழுத்தின்கீழ் இயக்கமிழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981-இல் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தில் பயிற்சிபெற்ற கிராமப் பெண்டிர் வீடுதோறுஞ் சென்று, தாய்க்குப் பயிற்சி முறைகளைக் காட்டுகின்றனர். கைப்பேசிச் செயலியில் குறித்தனுப்புவதை இயன்முறை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் தம் இடத்திலிருந்தே பார்த்து வழிகாட்டுகின்றனர். எம்மைக் கவர்ந்தது பிறிதொன்று: அங்கே குழந்தையின் முன்னேற்றத்தோடு, பேணுவோரின் மனச்சுமையும் அளந்து குறிக்கப்பெறுகின்றது. தாயின் அயர்ச்சியை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொண்டமை பெரிதே.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத்திட்டம், வளர்ச்சித் தாமதத்தையும் கண்டறிய வேண்டிய நால்வகைக் குறைகளுள் ஒன்றாக வைத்து, மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையம் வகுத்தது. ஆயின் நாட்கூலியை இழந்து, நிமிராத தலையைத் தோளிற்சாய்த்துப் பேருந்தேறி மாவட்டத் தலைநகருக்குச் சென்று மீளுதல் ஒரு தாயால் வாரந்தோறும் ஆகற்பாலதன்று. ஆய்க்குடி முறையே கறம்பக்குடிக்கு ஏற்றதென்பது எமது துணிபு. அதற்குமுன் எளிதாகச் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. அத்திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டிற்கு இருமுறை அங்கன்வாடிக்கு வருதல் விதி. அன்று ஊரார் கண்ணுக்கஞ்சித் தாய் வீட்டினுள்ளே மறைத்து வைக்கும் குழந்தையே அக்குழு முதலிற் காண வேண்டிய குழந்தை.