இருபத்தொன்பது இலக்க எண்

களத்தில் குவிந்த தானியத்தைக் கண்டு, "இது எண்ணி மாளாது" என்பார்கள் வீரசோழன் வட்டாரத்து மானாவாரி உழவர்கள். ஆயினும் மரக்கால் கொண்டு அளந்தால் குவியல் கணக்கிற்கு வந்துவிடும். பெரியது வேறு, எண்ணற்றது வேறு. நம் ஆகமங்கள் எண்ணைச் சங்க்யாதம், அசங்க்யாதம், அனந்தம் என மூவகைப்படுத்தியதும் இவ்வேறுபாடு கருதியே. முதல் வகையுள் அடங்கும் பேரெண் ஒன்றை இங்குக் காண்போம்.

பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த நேமிச்சந்திர சித்தாந்த சக்கரவர்த்தி, கோமட்டசாரம் ஜீவகாண்டத்தில் பரியாப்த மனிதரின் தொகையைக் கூறுகிறார். உடல், புலன் முதலிய ஆற்றல்கள் நிறைவுற்றோரே பரியாப்தர். இஃது இப்பூமியின் குடிக்கணக்கன்று. இரண்டரைத் தீவுகளாகிய மனித உலகம் முழுமைக்கும் உரியது. அவ்வெண்:

7,9228162,5142643,3759354,3950336

இஃது எவ்வாறு பிறந்தது? இரண்டின் வர்க்கம் 4. அதன் வர்க்கம் 16. இவ்வாறே தொடர்ந்தால் 256, 65536 என வந்து, ஐந்தாம் வர்க்கம் 4294967296 ஆகும். அதன் கனமே நம் எண். ஆறாம் வர்க்கத்தை ஐந்தாம் வர்க்கத்தால் பெருக்கினாலும் இதுவே கிடைக்கும் என்பது அனுயோகத்துவார சூத்திரம் காட்டும் வழி. இரண்டு வழியிலும் பெறுவது தொண்ணூற்றாறு இரண்டுகளின் பெருக்கமே. ஆதலின் இதனை மீதியின்றி 96 முறை பாதியாக்கலாம். முடிவில் 1 நிற்கும். இவ்வாறு பாதியாக்கும் முறைகளின் எண்ணிக்கையை அர்த்தச்சேதம் என்பது மரபு. ஒன்பதாம் நூற்றாண்டில் வீரசேனர் இயற்றிய தவளா உரையிலும் இது பயில்கிறது.

இத்துணை இலக்கங்களைப் பிழையின்றிக் காப்பது எங்ஙனம்? ஆசிரியர் ஒரு பிராகிருதச் செய்யுளில் எழுத்துக்கு ஓர் இலக்கமாக இருபத்தொன்பதையும் பொதிந்து வைத்தார். தகரம் 6, லகரம் 3 என்பது போன்ற கடபயாதி முறை அது. முதலெழுத்து ஒன்றாம் இடத்து இலக்கம்; அங்கிருந்து இடப்புறமாகச் செல்ல வேண்டும்.

பிழையறிய மற்றொரு வழியும் உண்டு. ஆறு இரண்டுகளைப் பெருக்கினால் 64. அதனை ஒன்பதால் வகுத்தால் மீதி 1. நம் எண் பதினாறு 64களின் பெருக்கம். எனவே அதற்கும் மீதி 1 வர வேண்டும். இலக்கங்களைக் கூட்டினால் 127, மீண்டும் கூட்டினால் 10, பின்னர் 1. சரியே.

விடுமுறையொன்றில் பிள்ளைகளுக்கு இதனைக் கரும்பலகையில் எழுதியபோது, ஓரிடத்தில் 5க்கு மாறாக 6 எழுதிவிட்டோம். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கூட்டிப் பார்த்து, "டீச்சர், மீதி 2 வருகிறதே!" என்றாள். நாற்பதாண்டு கற்பித்த நாம் அன்று மாணவியாய் நின்று திருத்திக்கொண்டோம். ஆனால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் இச்சோதனை காட்டாது. அங்கே செய்யுளே காவல்.

பெற்றோர் இதனைப் பிள்ளைகளோடு அமர்ந்து செய்து பார்ப்பாராக. அனந்தமாகிய ஜீவராசியுள் இம்மனிதர் எண்ணுக்குள் அடங்கிய சிலரே. அவருள் ஒருவராய்ப் பிறந்தும் அறம் செய்யாது நாளைக் கழிப்போமாயின், அரிய பிறவியின் கணக்கில் பிழை செய்தவர் ஆவோம். அப்பிழையைத் திருத்த மற்றொரு பிறவி எளிதில் வாய்க்குமோ?