துன்பத்தை இறைவன் ஏன் தடுப்பதில்லை?

கேள்வி: கடவுள் கருணையே வடிவானவர் என்றால், உயிர்கள் ஏன் துன்பப்படுகின்றன? சைவ சித்தாந்தம் இதற்கு என்ன விடை தருகிறது?

பதில்: சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைப் பிணிக்கும் தளை) மூன்றும் தொடக்கமில்லாதவை. உயிரையோ அதைப் பற்றி அறிவை மறைக்கும் ஆணவ மலம் என்னும் பாசத்தையோ இறைவன் படைக்கவில்லை. எனவே துன்பத்தின் வேர் அவனிடம் இல்லை.

ஆணவத்தால் அறிவு மறைந்த உயிர் நல்லதும் கெட்டதும் செய்து வினையை ஈட்டுகிறது. வினை சடப்பொருள்; தானாக வந்து பயன் தராது. அதை அளந்து ஊட்டுபவன் இறைவன். பச்சிளங்குழந்தையின் நோவுக்கும் முற்பிறவி வினையே காரணமாகச் சொல்லப்படுகிறது.

நுகர நுகர வினை கழியும், உயிர் பக்குவப்படும். 13-ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியார், சொல் கேளாத பிள்ளையைப் பெற்றோர் அடிப்பதும் பரிவே என்று காட்டி, இறைவனின் சினத்தையும் அப்படியே விளக்குகிறார். இது மறக்கருணை எனப்படும்.

பெரியபுராணத்தில் இதற்குச் சான்று உண்டு. சமணத்தில் தருமசேனராக இருந்த மருள்நீக்கியாரைச் சிவன் சூலை நோய் தந்தே ஆட்கொள்கிறார். தமக்கை திலகவதியாரோ, வினைப்பயன் என்று தம்பியைக் கைவிடவில்லை. திருநீறு அளித்துத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துச் செல்கிறார். அங்கே பதிகம் பாடி நோய் நீங்கியவரே திருநாவுக்கரசர்.

இவ்விடைக்கு மறுப்புகளும் உண்டு. ஆணவத்தின் ஆற்றல் ஒடுங்குமே தவிர அது அழியாது என்பதால், இறைவனின் வல்லமைக்கு எல்லை வந்துவிடுகிறது என்பது ஒன்று. நினைவில் இல்லாத வினைக்கு வரும் தண்டனை உயிரை எப்படித் திருத்தும் என்பது மற்றொன்று.