தண்ணியைக் குறைக்காதீங்க

“தண்ணி குடிச்சா மலையில ஒதுங்க எடமில்ல.” ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கம் கொழுந்தெடுக்கும் பெண்கள் சொல்வது நியாயந்தான். ஆனால் உடம்புக்குள்ளே நடப்பதையும் பாருங்கள்.

முதுகுப் பக்கம், கடைசி விலா எலும்பை ஒட்டி, கைமுட்டி அளவில் இரண்டு சிறுநீரகங்கள். தேத்தண்ணி வடி மாதிரித்தான். ஆனா ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகள். ஒரு நாளில் சுமார் 180 லீற்றர் வடித்து, ஏறக்குறைய எல்லாவற்றையும் இரத்தத்துக்கே திருப்பிவிடும். சலமாக வெளியேறுவது ஒன்றரை லீற்றர் போல.

அது இரண்டு குழாய் வழியே சலப்பைக்கு இறங்கும். பையில் 200, 300 மில்லிலீற்றர் சேர்ந்ததும் முட்டும். அடக்கிக்கொண்டே இருந்தால் தேங்கிய சலத்தில் கிருமி பெருகும். பெண்களுக்கு வெளிக்குழாய் 4 சென்ரிமீற்றர்தான், கிருமி சுலபமாக ஏறிவிடும். முதலில் எரிவு. பிறகு நடுக்கக் காய்ச்சலும் விலாவுக்குக் கீழே முதுகு வலியும் வந்தால் சிறுநீரகத்தையே தொட்டிருக்கலாம். அன்றைக்கே டிஸ்பென்சரிக்குப் போங்க. பிள்ளைத்தாய்ச்சிகள் எரிவு வரும்வரை காத்திருக்காமல் கிளினிக்கில் சலத்தைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும்.

(நம் மாவட்டத்து வில்கமுவையில் விவசாயிகளைப் பிடித்திருக்கும் சிறுநீரக நோய் வேறு. அதைக் குழப்பிக்கொண்டு பயப்பட வேண்டாம்.)

பெரட்டுக்கு முன்னும் கொழுந்து நிறுக்கும் வேளையிலும் போய் வாருங்கள். போத்தலில் தண்ணி கொண்டுபோங்க. மலையில் மறைவான கக்கூசு ஒன்று வேண்டுமென்று தலைவர்மாரும் சேர்ந்து தோட்ட நிர்வாகத்திடம் கேட்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.