புட்டிக்குள் ஓர் இளவட்டக்கல்

முற்காலத்தில் தமிழகச் சிற்றூர் இளைஞர்கள் இளவட்டக்கல்லைத் தூக்கித் தம் வலிமையைக் காட்டினர். கர்லாக்கட்டையைச் சுழற்றித் தோள்களை உரமாக்கினர். வடநாட்டு மல்லர்கள் அக்கட்டையை 'முக்தர்' என்பர்.

தில்லியில் காற்று மாசு மிகும் குளிர்கால நாள்களில் வெளியே ஓடியாட இயலாது. அதற்காக உடல் சோர்ந்துவிடலாமா? வீட்டிலுள்ள பொருள்களே கருவிகளாகும்.

ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். இரண்டு அரை லிட்டர் புட்டிகளில் நீர் நிரப்பி மூடியை இறுக்கினால், கைக்கு அரைக் கிலோ எடை கிடைக்கும். கை பழகியபின் பெரிய புட்டிக்கு மாறலாம். மணல் நீரினும் கனமானது. ஆதலால் தொடக்கத்தில் அதனைத் தவிர்க்க வேண்டும்.

பழைய பருத்திக் கயிறு தாண்டுகயிறாகும். அதன் நடுவை மிதித்து நின்றால், இரு முனைகளும் அக்குளை எட்டுதல் வேண்டும்.

எடையைத் தூக்கும்போது மூச்சை அடக்கலாகாது. வலி தோன்றினால் உடனே நிறுத்துக. இளவட்டக்கல்லைத் தூக்கியவரும் முதல் நாளே தூக்கிவிடவில்லை.

சொற்பொருள்: உரம் – வலிமை, மல்லர் – மற்போர் வீரர், அக்குள் – கையும் உடலும் சேருமிடத்தின் அடிப்பகுதி.

வினாக்கள்:
1. முக்கால் லிட்டர் நீரின் எடை எத்தனை கிராம்?
2. இளவட்டக்கல்லைப் பற்றி வீட்டுப் பெரியோரிடம் கேட்டு ஐந்து வரிகள் எழுதுக.